தேனீப் பெட்டிக் கேள்விகள்: உண்ணிக்கும் வைரஸ் வரும், ஆனால்...

கேள்வி: அம்மா, என் இத்தாலியத் தேனீப் பெட்டி ஒன்றில் வர்ரோவா உண்ணி (தேனீயின் மேல் ஒட்டி அதைத் தின்னும் சிறு ஒட்டுண்ணி) பெருகிவிட்டது. சிறகு சுருண்ட தேனீக்கள் வாசலில் ஊர்கின்றன. அந்த உண்ணிக்கும் வைரஸ் தொற்றும் என்று படித்தேன். அந்த வைரஸை வளர்த்துப் பெட்டியில் தெளித்து உண்ணியைக் கொல்ல முடியாதா?

பதில்: சுருண்ட சிறகோடு பெட்டியின் வாசல் பலகையில் ஏறுவதும், விழுவதும், மறுபடி ஏறுவதுமாகத் தவிக்கும் தேனீயின் பக்கத்தில் நானும் குந்தி உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் தெளித்தால் வர்ரோவாவைக் கொல்லும் வைரஸ் என்று ஒன்று இன்று யார் கையிலும் இல்லை.

ஓர் உண்ணியை நசுக்கிச் சோதித்து, அதில் வைரஸ் இருப்பது தெரிந்துவிட்டால் உண்ணிக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது. வர்ரோவா வளர்ந்த தேனீயின் கொழுப்புத் திசுவைத் தின்கிறது. இது 2019-ல்தான் தெளிவானது. அதுவரை இரத்தத்தைக் குடிக்கிறது என்றே நானும் சொல்லிக்கொடுத்து வந்தேன். தின்ற திசுவில் வைரஸ் இருந்தால் உண்ணியின் குடலிலும் அது இருக்கத்தானே செய்யும்? குடலில் கிடப்பது வேறு, உண்ணியின் செல்லுக்குள் புகுந்து பெருகுவது வேறு.

உங்கள் தேனீக்களின் சிறகைச் சுருட்டுவதும் ஒரு வைரஸ்தான், அதைப் பரப்புவது இந்த உண்ணி. அந்த வைரஸில் ஏ, பி என்று இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஏ வகையைச் சுமந்த உண்ணிகளை, நோயில்லாத கூட்டுப்புழுக்களின் மேல் ஒன்று மாற்றி ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். உண்ணிக்குள் இருந்த வைரஸ் படிப்படியாகக் குறைந்தது. அதாவது ஏ வகைக்கு உண்ணி வெறும் வண்டி. பி வகை அப்படியில்லை. ஒளிரும் குறியிட்டுப் பார்த்தபோது அது உண்ணியின் குடல் சுவரிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் தெரிந்தது. சுரப்பியில் இருந்தால் அடுத்த கடியிலேயே அடுத்த தேனீக்குப் போய்விடும். பி வகையை நெதர்லாந்தில் முதலில் உண்ணியில்தான் கண்டுபிடித்தார்கள். 2004-ல் அதற்கு உண்ணியின் பெயரையே வைத்து 'வர்ரோவா டிஸ்ட்ரக்டர் வைரஸ்-1' என்றார்கள். நீங்கள் படித்தது அநேகமாக இதைப் பற்றித்தான் இருக்கும். உண்ணியைத் தொற்றும் வைரஸ்தான், ஆனால் சாவது உங்கள் தேனீ. தயவுசெய்து இதைத் தெளிக்கும் யோசனையே வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை தருவது வேறொன்று. 2016-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் உண்ணிகளில் 'வர்ரோவா டிஸ்ட்ரக்டர் வைரஸ்-2' என்ற ஒன்றைக் கண்டார்கள். அது உண்ணியில் இருந்தது, அவர்கள் சோதித்த தேனீக்களில் இல்லை. நீங்கள் தேடும் வைரஸின் முதல் தகுதி இதுதான். இரண்டாவது தகுதி, உண்ணியைக் கொல்ல வேண்டும். அதை இது செய்வதாக யாரும் காட்டவில்லை. வைரஸால் எந்த உண்ணியும் சாகவே சாகாது என்றும் இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் சிவப்பு உண்ணி கலிபோர்னியாவில் ஒரு வைரஸ் நோயால் கொத்துக் கொத்தாகச் சாவதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சிவப்பு உண்ணி இலையின் மேல் திறந்த வெளியில் வாழ்கிறது. வர்ரோவா குடும்பம் நடத்துவது தேனீப் புழு வளரும் மெழுகு மூடிய அறைக்குள். நீங்கள் தெளிப்பது உள்ளே போகாது. தாய் உண்ணி கூட்டுப்புழுவின் உடலில் ஒரு துளை போடும். குஞ்சுகளும் அதே துளையில்தான் வாய் வைக்கும். உண்ணிக்கு உண்ணி வைரஸ் பரவ மிகச் சுலபமான வழி அந்தத் துளைதான். அந்தத் துளையோ நம் தேனீயின் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் தேனீக்குள் சிறிதும் பெருகாத வைரஸ்தானா என்று பல வருடம் சோதிக்காமல் இதில் கை வைக்கக் கூடாது என்கிறேன்.

கேள்வி: இந்தப் பெட்டியின் தேனைச் சாப்பிட்டால் எங்களுக்கு வைரஸ் தொற்றுமா?

பதில்: தொற்றாது. இவை தேனீ போன்ற பூச்சிகளையும் உண்ணிகளையும் தொற்றுபவை, மனிதரை அல்ல. ஆனால் உண்ணி மருந்து பெட்டிக்குள் இருக்கும்போது தேன் எடுக்காதீர்கள். மருந்து உறையில் போட்டிருக்கும் இடைவெளியைக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: மருந்து வைத்து மூன்று வாரம் ஆகிறது. உண்ணி குறைந்துவிட்டது, சுருண்ட சிறகு மட்டும் நிற்கவில்லை. மருந்து கேட்கவில்லையா?

பதில்: கேட்டிருக்கிறது. மருந்து உண்ணியைத்தான் கொல்லும், ஏற்கெனவே தேனீக்குள் போன வைரஸை ஒன்றும் செய்யாது. வேலைக்காரத் தேனீ மூடிய அறையில் சுமார் 12 நாள் இருக்கிறது. மருந்து வைப்பதற்கு முன்பே கடிபட்ட புழுக்கள் அதன் பிறகுதான் வெளியே வரும். ஊட்டும் உணவு வழியாகவும் ராணியின் முட்டை வழியாகவும் கூட இந்த வைரஸ் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும்.

ஹவாய்த் தீவுகளில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஓவாஹு தீவுக்கு 2007-லும் 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய்த் தீவுக்கு 2008-லும் உண்ணி வந்தது. அதற்கு முன்பும் அங்கே சிறகு வைரஸ் இருந்தது, ஆனால் பத்துக் கூட்டங்களில் ஒன்றில்தான். உண்ணி பரவிய இடங்களில் கிட்டத்தட்ட எல்லாக் கூட்டங்களிலும் வந்துவிட்டது. பல ரகமாக இருந்த வைரஸில் ஒரே ரகம் மேலோங்கியது. உண்ணி வந்துதான் அந்த வைரஸ் இவ்வளவு ஏறியது. உண்ணியை அடக்கினால் இறங்கும், ஆனால் ஒரு தலைமுறைத் தேனீயாவது மாற வேண்டும்.

அதுவரை சும்மா இருக்காமல் எண்ணிப் பாருங்கள். புழு உள்ள அடையிலிருந்து அரைக் கோப்பைத் தேனீ, சுமார் 300 வரும், ராணி அதில் இல்லை என்று பார்த்துவிட்டு, வலை மூடிய ஜாடியில் போடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை சேர்த்து மெதுவாக உருட்டி, ஓரிரு நிமிடம் விட்டு, வெள்ளைத் தட்டில் கவிழ்த்துக் குலுக்குங்கள். உதிரும் உண்ணிகளை எண்ணிவிட்டுத் தேனீக்களைத் திரும்பப் பெட்டியில் விடலாம். ஒன்பதுக்கு மேல் வந்தால், அதாவது நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால், மறுபடி மருந்து வைக்க வேண்டியிருக்கும். எத்தனை வந்தது, பெட்டியில் புழு எவ்வளவு இருக்கிறது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.