வாசகர் கேள்வி – பதில்: கோழி எருவும் கிணற்றுத் தண்ணீரும்

கேள்வி: களுதாவளையில் 20 பேர்ச் மணல் தோட்டம். கத்தரிக் கன்று நட்ட கையோடு, பண்ணையில் அள்ளிய புதுக் கோழி எரு 1,500 கிலோ போட்டேன். ஒரு கிழமையில் இலை ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. கிணறு 20 அடி தூரத்தில்தான். தண்ணீருக்கும் பாதிப்பு வருமா?

பதில்: வரும். கணக்கைப் பாருங்கள். காய்ந்த கோழி எருவில் நைதரசன் ஏறத்தாழ 3 வீதம். 1,500 கிலோவில் 45 கிலோ. யூரியாவில் அது 46 வீதம். அப்படியென்றால் 50 கிலோ யூரியா மூடை இரண்டை 20 பேர்ச்சுக்குள் கொட்டியிருக்கிறீர்கள். ஈரமான எரு என்றால் இது பாதியாகவும் குறையலாம், அப்போதும் கூடுதல்தான். இயற்கைப் பசளைதானே, கூடினால் என்ன என்ற நினைப்பு எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. மண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இலையைக் கருக்கியது புது எருவின் அமோனியாவும் உப்பும். தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு எருவை வழித்தெடுங்கள். எடுத்த இடத்தில் வைக்கோல் பரப்பி, காலையும் மாலையும் அளவாக வாளியால் ஊற்றுங்கள். கழுவிக்கொண்டு போகட்டும் என்று பம்பைப் போட்டு விடாதீர்கள். எரு உக்கும்போது உண்டாகும் நைத்திரேற்றை மணல் பிடித்து வைக்காது. ஊற்றிய தண்ணீரோடு இறங்கி நேரே கிணற்றுக்குத்தான் போகும். மாரியில் நிலத்தடி நீர் மேலே வரும்போது அது இறங்க வேண்டிய ஆழமும் சுருங்கிவிடும். இந்தப் போகத்துக்கு யூரியா வேண்டவே வேண்டாம். கத்தரி முடிந்ததும் சோளம் போட்டால் மிச்சத்தில் ஒரு பங்கை அது இழுத்தெடுக்கும்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், கிணற்று நீரைச் சோதிக்கும்வரை அதில் பால்மா கரைக்க வேண்டாம்.

அடுத்த முறை எருவையும் வைக்கோலையும் எடைக்கு எடை கலந்து, இடுப்பளவு உயரத்துக்குக் குவியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளிதான் சொட்ட வேண்டும். நாலாம் நாள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து இழுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். சூடு இல்லையென்றால் ஈரம் போதாது, அல்லது காற்றுப் புகவில்லை. கிழமைக்கு ஒருதரம் புரட்டினால் இரண்டு மாதத்தில் மண் வாசம் வரும். மூக்கில் அமோனியா ஏறினால் இன்னும் ஆகவில்லை. மழைக்குப் பொலித்தீன் மூடுங்கள். குவியலைக் கிணற்றிலிருந்து 100 அடியாவது தள்ளி வையுங்கள். உக்கிய பிறகு பேர்ச்சுக்கு 10 – 12 கிலோ தாராளம்.

கேள்வி: அக்கரைப்பற்றில் கீரைத் தோட்டம். மலக்குழி இறைக்கும் பவுசர்காரர் சும்மா கொட்டித் தருகிறேன் என்கிறார். விடலாமா?

பதில்: வேண்டாம். வட்டப்புழு முட்டை மண்ணில் மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கீரையை எத்தனை தரம் அலசினாலும் முழுதாகப் போகாது.

கேள்வி: கல்முனையில் நகரக் குப்பையில் செய்த கூட்டுப்பசளை மலிவாகக் கிடைக்கிறது. கண்ணாடித் துண்டு இருக்கிறது. சல்லடையில் அரித்தால் சரியா?

பதில்: கண்ணாடி போகும், பற்றரியிலும் பெயின்றிலும் இருந்து வந்த கட்மியமும் ஈயமும் போகா. பார உலோகங்கள் உக்கி அழிவதில்லை, போகத்துக்குப் போகம் மேல்மண்ணில் சேரும். விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: உக்கும் குப்பை வீட்டிலேயே பிரிக்கப்பட்டதா, லொறியில் எல்லாம் கலந்து வந்த பிறகு பொறுக்கியதா? பிந்தியது என்றால் பூ மரத்துக்கும் நிழல் மரத்துக்கும் போடுங்கள். கீரைக்கு வேண்டவே வேண்டாம். கட்மியம் இலைக்கு ஏறும், அதுவும் புளிப்பான மணலில் வேகமாக. ஒரு கிலோவை வெள்ளைத் துணியில் பரப்பிப் பாருங்கள். பற்றரித் தகடு ஒன்று கண்ணில் பட்டாலும் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புங்கள்.