இத்தாலிப் பயணம்: பணம் கட்டும் முன் நிரலைக் கேளுங்கள்

வணக்கம் சார். மகள் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு, 'இத்தாலிய வணிகப் பண்பாடு' என்று கல்லூரியில் எட்டு நாள் கூட்டிப்போகிறார்கள், பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம்பூரில் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், இருபது வருடமாக சூப்பர்வைசர் என்றும் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் நாள்வாரி நிகழ்ச்சி நிரலை வாங்குங்கள். தொழிற்கூடத்துக்குள் எத்தனை மணி நேரம் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். சில வருடம் முன்பு நான் சரி என்று சொல்லி அனுப்பிய ஒரு பையன், பீசா கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடித்த போட்டோவோடு திரும்பி வந்தான். கம்பெனி பார்த்தாயா என்றால், 'பஸ்ஸிலிருந்தே காட்டினாங்க சார்' என்றான். தப்பு என்னுடையது. நிரலை நான் கேட்கவில்லை.

பீசாவிலிருந்து ஃபிளாரன்ஸ் போகும் வழியில்தான் சாந்தா குரோச்சே இருக்கிறது. சின்ன ஊர், ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் டேனரி. பெரும்பாலும் குடும்பத் தொழில். பட்டை, காய், மரம் எனத் தாவரச் சாறில் தோலைப் பதனிடுவது அந்த வட்டாரத்தின் பெருமை. நம் ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரி அங்கே செஸ்ட்நட், மிமோசா. ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான். ஆனாலும் 1994-ல் அந்த வட்டாரத்து டேனரிகள் சில கூட்டமைப்பாகச் சேர்ந்து, தாவரச் சாறில் பதனிட்ட தோலுக்கு ஒரே முத்திரை வைத்துக்கொண்டன. பையில் தொங்கும் அந்த முத்திரை அட்டையைப் பார்த்துக் கூடுதல் காசு கொடுக்கிறவர்கள் உண்டு. நம் தோல் எத்தனையோ பேர் பிராண்டில் போகிறது, உங்களுக்குத் தெரியாததா? உங்கள் மகள் பார்த்துவர வேண்டியது இதைத்தான். நிரலில் இந்த ஊர் இல்லையென்றால் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

பழக்கவழக்கம் பற்றிப் பயம் வேண்டாம். காபியை பாரில் (அங்கே காபிக்கடைக்கும் அதுதான் பெயர்) நின்றபடியே இரண்டு மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். கல்லூரிப் பட்டம் வாங்கியிருந்தாலே 'தொத்தோரே', பெண் என்றால் 'தொத்தோரெஸ்ஸா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். 'லேய்' என்பது நம் 'நீங்க', 'தூ' என்பது 'நீ'. அவர்களாகச் சொல்லும்வரை 'தூ' வேண்டாம். ஆங்கிலத்தில் எல்லோரையும் 'யூ' போட்டே பழகியவர்கள்தான் இதில் தடுமாறுவார்கள், நம் பிள்ளைகளுக்கு என்ன சிரமம்?

தேதியைப் பாருங்கள். ஆகஸ்ட் 15 அங்கே ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை. அதையொட்டி இரண்டு, மூன்று வாரம் பல தொழிற்சாலைகள் பூட்டியே கிடக்கும். அந்த மாதம் என்றால் கட்டவே வேண்டாம். செப்டம்பர் என்றால் மிலானில் லீனியாபெல்லே தோல் கண்காட்சி நடக்கும் நாட்களோடு சேருமா என்று விசாரியுங்கள்.

இத்தாலி போக வேண்டிய ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். சொன்ன கட்டணத்தில் அதுவும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரு நோட்டில் நீங்களே கேள்விகள் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: பதனிடும் டிரம்மில் தோல் எத்தனை நாள் கிடக்கிறது, கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒவ்வொரு டேனரியும் எவ்வளவு கட்டுகிறது, மகனோ மகளோ டேனரிக்கு வர மறுத்தால் என்ன செய்கிறார்கள்.