நான்கு நாளில் இமாச்சலத்து ஸ்பிதி பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு வர முடியுமா? மொட்டை மலையைத் தவிர அங்கே என்னதான் இருக்கிறது? இப்படிக் கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். மணாலியில் வண்டி ஏறி, குன்சும் கணவாயைத் தாண்டி அன்றைக்கே ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா. மறுநாள் கீ மடாலயமும் ஹிக்கிம் தபால் நிலையமும். அதற்கடுத்த நாள் தாபோவில் ஒரு மணி நேரம். நான்காம் நாள் திரும்பிவிடலாம். மணாலியில் யாரைக் கேட்டாலும் இந்தக் கணக்கைத்தான் சொல்வார்கள். 2022 செப்டம்பர் கடைசியில் நானும் என் கணவரும் இதை நம்பித்தான் போனோம். அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து நான்கு நாளில் போகாதீர்கள்.

உங்களுக்கு லீவு கிடைப்பது கஷ்டம் என்று கேள்வியிலேயே தெரிகிறது. வேலைக்குப் போகிறவராக இருப்பீர்கள், சனி ஞாயிறோடு ஒட்டவைத்து ஒரு வாரம் தேற்றியிருப்பீர்கள். அதில் விமானம், தில்லி, மணாலி பஸ் போக மிஞ்சுவது நான்கு நாள். எனக்கும் இதே நிலைமைதான். ஆனால் மலைக்கு நம் லீவுக் கணக்கு தெரியாது.

மணாலி சுமார் 2,000 மீட்டர் உயரம். காசா 3,600 மீட்டருக்கும் மேலே. நடுவில் வரும் குன்சும் 4,500 மீட்டரைத் தாண்டும். நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான், அதோடு வைத்துப் பாருங்கள். ஒரே பகலில் உடம்பை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். பாத்தல் என்ற இடத்தில் டீ குடிக்க இறங்கியபோதே என் கணவருக்குத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. "காலையில சரியா சாப்பிடல, அதான்" என்று சொல்லி ஒரு தலைவலி மாத்திரையைக் கொடுத்தேன். குன்சும் உச்சியில் வண்டிகள் கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் தொடர்ந்து போகும். எங்கள் வண்டி சுற்றும்போது அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. நான் ஜன்னல் வழியாக வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வீடியோவை இன்றுவரை திரும்பப் பார்க்கவில்லை.

அன்று இரவு காசாவில் நான்கு முறை வாந்தி. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் விளக்கு வெளிச்சத்தில் உதடு நீலம் பாய்ந்த மாதிரி தெரிந்ததும் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. டிரைவர் பையன் ஸ்பிதிக்காரன். கதவைத் தட்டிய உடனே வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஆக்சிஜன் வைத்தார்கள். அங்கிருந்த டாக்டர் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: இதற்கு மேல் ஏறக் கூடாது, குன்சும் வழியாகத் திரும்பவும் கூடாது, இன்றைக்கே கீழே இறங்குங்கள்.

எங்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். "உங்க உடம்புக்கு நாங்க என்ன மேடம் பண்றது" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அந்த ஆளைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

(நான் டாக்டர் இல்லை. மலை ஏறும்போது போடும் மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடம் கிளம்புவதற்கு முன்பே கேளுங்கள். "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று எழுத வருகிறவர்களுக்கு: சந்தோஷம். எனக்கும் ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கு ஆனது.)

காசாவிலிருந்து நதியோடு இறங்கினால் சுமார் 47 கிலோமீட்டரில் தாபோ, உயரம் 3,280 மீட்டர் அளவில். நாங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்த ஊரில் ஐந்து இரவு தங்கினோம்.

இனிமேல்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்.

தாபோ மடாலயத்தை வெளியிலிருந்து பார்த்தால் நீங்களும் ஏமாந்துபோவீர்கள். கோபுரம் கிடையாது, தங்கக் கூரை கிடையாது. மண் சுவர், மண் கூரை, எல்லாம் சேர்ந்து பெரிய களிமண் பெட்டிகளை வரிசையாக வைத்த மாதிரி இருக்கும். மூன்றாம் நாள் என் கணவர் கொஞ்சம் தெளிந்து கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினார். நான் மட்டும் போனேன். ஒரு வயதான பிக்கு சாவியை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார், போனைப் பைக்குள்ளே வைக்கச் சொன்னார். படம் எடுக்க அனுமதி இல்லை.

உள்ளே முதலில் ஒன்றுமே தெரியவில்லை. வெளியே அடிக்கும் வெயிலிலிருந்து போகிறோம் இல்லையா, கண் பழகவே நேரம் பிடித்தது. மண்ணும் வெண்ணெய் விளக்கும் கலந்த வாசனை, காலுக்கு அடியில் சில்லென்ற தரை. அப்புறம் மெல்ல மெல்ல, என் தலைக்கு மேலே சுவரில் முழு உருவங்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. சுற்றிலும் முப்பதுக்கும் மேல். எல்லாம் களிமண்ணால் செய்து சுவரோடு பதித்து வர்ணம் தீட்டியவை. நடுவில் நான்கு திசையும் பார்க்கும் வைரோசன புத்தர். அந்த மண்டபம் முழுவதுமே ஒரு மண்டலம், அதாவது புத்தர்களின் உலகத்தைக் காட்டும் வழிபாட்டு வரைபடம், நாம் அதற்குள்ளே நடந்துபோகிறோம். சுவரில் மிச்சமிருந்த இடமெல்லாம் ஓவியம். பிக்கு தன் டார்ச்சை ஒரு மூலையில் காட்டினார். உள்ளங்கை அளவு இடத்தில் ஒரு பெண், மேலாடையில் பூ வேலைப்பாடு, அதன் ஒவ்வொரு இதழுக்கும் தனி வரி. நான் அதன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. பிக்கு அவசரப்படுத்தவே இல்லை.

இந்தக் கோயிலை 996-ல் கட்டியவர் மேற்குத் திபெத்தில் கூகே அரசை ஆண்ட இயேஷே ஓ. 46 வருஷம் கழித்து அவர் வம்சத்து ஜாங்சுப் ஓ புதுப்பித்தார். உள்ளே கல்வெட்டு மாதிரி சுவரில் மையால் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஸ்பிதி அப்போது திபெத்திய உலகத்தின் ஒரு பகுதி, பின்னால் லடாக்கோடு இருந்தது, 1846-க்குப் பிறகு பிரிட்டிஷார் கைக்கு வந்தது. எல்லைக்கோடு இப்படி விழுந்ததால்தான் தாபோ இன்றைக்கு முழுசாக இருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் அதே அரசர் எழுப்பிய தோலிங் மடாலயம் எல்லைக்கு அந்தப் பக்கம், திபெத்தில் இருக்கிறது. 1966-க்குப் பிறகு நடந்த சீனக் கலாச்சாரப் புரட்சியில் அது அடிபட்ட அடி கொஞ்சமில்லை. தாபோவின் ஆயிரமாவது ஆண்டில், 1996-ல், தலாய் லாமா இங்கே வந்து காலச்சக்கரம் என்ற பௌத்தத் தீட்சைச் சடங்கை நடத்தினார்.

996 என்று கேட்டதும் எனக்குத் தஞ்சாவூர்தான் ஞாபகம் வந்தது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்து அப்போது பதினோரு வருஷம். பெரிய கோயில் முடிய இன்னும் பதினான்கு வருஷம் இருக்கிறது. அங்கே கருங்கல், இங்கே பச்சை மண். இந்த மண்ணும் நின்றிருக்கிறது.

இந்த இடத்தில் கேட்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் சிவன் கோயில் மண்டபத்து விதானத்தில் ஓவியங்கள் இருந்தன. சின்ன வயதில் பாட்டியோடு போனால் நான் தரையில் மல்லாந்து படுத்து அதைத்தான் பார்ப்பேன். ஒரு வெள்ளை யானை, கிளியைக் கையில் வைத்திருக்கும் ஒரு பெண், ஒரு பல்லக்கு. நான் கல்லூரி முடித்து ஊருக்கு வந்தபோது கும்பாபிஷேகத் திருப்பணி என்று அத்தனையின் மேலும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கேட்டதற்கு "பளிச்சுன்னு இருக்குல்ல" என்று பதில் வந்தது. அப்புறம் மணலைப் பீய்ச்சி அடித்துத் தூண்களைச் சுத்தம் செய்தார்கள், எழுத்துகள் மழுங்கிப்போயின. கோயிலைக் குறை சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் இன்றும் அந்தச் சன்னதியில் விளக்கேற்றுகிறவள். கும்பிடுகிறதால்தான் வலிக்கிறது. தஞ்சையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார் அல்லவா, அந்த மாதிரி என் வெள்ளை யானையும் சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தாபோவில் அந்த இருட்டில் நின்று அழுதேன் என்றால் காரணம் பாதி அதுதான்.

சரி, ஸ்பிதிக்கு வருகிறேன்.

மொட்டை மலை என்கிறீர்கள். இமயத்தின் மழை மறைவுப் பிரதேசம், மழைமேகம் தெற்கேயே நின்றுவிடும். அதனால் புல்லும் அரிதுதான். ஆனால் அங்கே நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு பச்சைத் துண்டும் மனிதர்கள் உண்டாக்கியது. மேலே உருகும் பனியை மைல் கணக்கில் சின்ன வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதற்கு ஊரில் முறை இருக்கிறது. பார்லி, பட்டாணி, தாபோ பக்கம் ஆப்பிள். பழைய வழக்கப்படி வீடும் நிலமும் மூத்த மகனுக்கு, இளையவர்களில் பலர் மடாலயத்துக்குப் போவார்கள். இருக்கிற துளி நிலம் துண்டாகக் கூடாது என்று வந்த ஏற்பாடு. சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாவைத் தீதி (அக்கா) என்று கூப்பிடுவேன். ஆப்பிள் பறிக்கும் நேரம். முற்றத்தில் உட்கார்ந்து நானும் அவரோடு சேர்ந்து பெரியது, நடுத்தரம், சின்னது என்று பிரித்து அட்டைப் பெட்டியில் அடுக்கினேன். காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்தாமல் எப்படித் திருப்பி வைப்பது என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். மதியம் வறுத்த பார்லி மாவில் உப்பும் வெண்ணெயும் போட்ட டீயை ஊற்றிக் கிண்ணத்திலேயே பிசைந்து உருட்டிக் கொடுப்பார். அதற்குப் பெயர் சம்பா. நம் சம்பா நெல்லைச் சொன்னேன், அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பிசைந்த முதல் உருண்டை என் கணவருக்குத்தான் போகும். வாந்தி எடுத்த மனிதர் அதைச் சாப்பிட்டுத்தான் தெம்பானார்.

அந்த வீட்டிலும் டிவி உண்டு, பேரன் போனில் கிரிக்கெட் பார்க்கிறான். "பழமை மாறாத திபெத்தியக் கலாச்சாரம்" என்று எழுதுகிறார்களே, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது மாதிரி எதுவும் அங்கே இல்லை. அதே பேரன்தான் காலையில் பூஜை அறையில் ஏழு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தான். இப்போது மழை முன்னைவிட அதிகமாகப் பெய்கிறது, மண் கூரை தாங்க மாட்டேன் என்கிறது என்பதுதான் தீதியின் கவலை. நாங்கள் வந்த மறுவருஷம், 2023 ஜூலையில், இமாச்சலத்தில் கொட்டிய மழையில் சந்திரதால் ஏரியில் பயணிகள் மாட்டிக்கொண்ட செய்தி வந்தபோது எனக்கு முதலில் தாபோ கோயிலின் அந்த ஓவிய மூலைதான் கண்ணில் வந்தது.

ஐந்து நாளில் எல்லாம் தெரிந்துவிட்டதா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. கீ மடாலயத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

போவதென்றால் மணாலியை விட்டுவிடுங்கள். சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஏறுங்கள்: ராம்பூர், கல்பாவில் இரண்டு இரவு, நாக்கோவில் ஒன்று, பிறகு தாபோ. உடம்பு படிப்படியாகப் பழகும். ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு அரசுப் பேருந்தும் இருக்கிறது. குறைந்தது பத்து நாள் வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருஷம் போங்கள். இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ள உறவினர் கூட வந்தால் அவருக்கு வேண்டும். லாங்சா கிராமத்தில் பிள்ளைகள் சுருள் வடிவக் கல்லை விற்க வருவார்கள். நம் பூஜையில் இருக்கும் சாளக்கிராமம் மாதிரிதான், கடலாக இருந்த காலத்து உயிரின் படிவம். ஆசையாக இருக்கும். வாங்காதீர்கள், அது அந்த மலையிலேயே இருக்கட்டும்.

தாபோவில் பழைய கோயில் பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். பக்கத்தில் புது மடாலயத்தில் கேட்டால் சாவியோடு ஒருவர் வருவார். உள்ளே போனதும் கண் பழகும்வரை அப்படியே நில்லுங்கள். கையில் ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொள்ளுங்கள்.