கடும் நோய் வந்தால் முதியவர்களின் கடவுள் நம்பிக்கை போய்விடுமா?

போகாமலே அதில் உரசல் வரலாம். இதை ஆன்மிகப் போராட்டம் என்பார்கள்: கடவுளை நம்புகிறவரே 'என்னைக் கைவிட்டுவிட்டாரோ' என்று தவிப்பது. 'நல்லது செய்தால் நல்லதே நடக்கும்' என்ற ஆயுட்காலக் கணக்கு ஒரே ஸ்கேன் ரிப்போர்ட்டில் பொய்த்துப்போகிறது. அப்போது கடவுள் மேல் கோபம் வரலாம்; மகனோடு பேச்சை நிறுத்திய அப்பா மாதிரிதான். உறவு இருப்பதால்தானே கோபம்!

அமெரிக்காவின் டர்ஹாம் நகரில், 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 உள்நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2001இல் வெளியானது. உடல்நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும், கடவுள் கைவிட்டாரோ என்று எண்ணியவர்களுக்கு இறப்பு அபாயம் 28 சதவீதம் கூடுதல். (அந்த எண்ணமே கொன்றது என்று அர்த்தமில்லை.) எனவே 'அப்படிச் சொல்லாதீங்க' என்று வாயை அடைக்காமல், பேச விடுங்கள்.

கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போவதை நிறுத்தினால் நம்பிக்கை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்; முழங்கால் மடங்காததோ, சிறுநீரை அடக்க முடியாததோ காரணமாக இருக்கலாம்.