எம்.ஓ.டி. வரலாறு: பாஸ் என்ற சொல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது?

கேள்வி: பிரிட்டனில் வசிக்கிறோம். 2014ஆம் ஆண்டில் பதிவான பெட்ரோல் கார் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறோம். போன வாரம்தான் எம்.ஓ.டி. (கார்களுக்கு இங்கே ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனை) தேறியது, ஓராண்டுக்குக் கவலையே வேண்டாம் என்கிறார் விற்பவர். அரசு இணையதளத்தில் பழைய சோதனை விவரங்களைப் பார்த்தேன். பாஸ், ஃபெயில், அட்வைசரி என்று பக்கம் நீண்டுகொண்டே போகிறது. இதை எப்படிப் படிப்பது?

பதில்: விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னதில் உங்களுக்குப் பயன்படும் சேதி மிகக் குறைவு. சோதனை நடந்த அன்று, சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தகுதி அந்தக் காருக்கு இருந்தது. ‘பாஸ்’ சொல்வது அவ்வளவுதான். எஞ்சின் நன்றாக இருக்கிறதா, கிளட்ச் தேய்ந்துவிட்டதா, கியர்பாக்ஸ் தாங்குமா என்பவை இந்தச் சோதனையின் எல்லைக்குள் வருவதே இல்லை. பழைய பதிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் வேறொன்று தெரியவரும்: இத்தனை காலமும் இந்தக் காரை வைத்திருந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது. பழைய கார் வாங்குகிறவருக்கு அதைவிட மதிப்பான தகவல் கிடையாது.

பதிவு எண் ஒன்று இருந்தால் போதும், இலவசமாகப் பார்க்கலாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளின் சோதனைகள் 2005 முதல் அதில் இருக்கின்றன. வட அயர்லாந்தின் பதிவுகள் 2017 முதல். புதிய பதிவு மேலே வரும்படி அடுக்கியிருப்பார்கள். நீங்கள் கடைசிக்குப் போய் அங்கிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். தொடங்குமுன், பக்கத்தின் தலைப்பில் உள்ள நிறம், எரிபொருள், முதல் பதிவுத் தேதி ஆகியவை எதிரே நிற்கும் காரோடு பொருந்துகின்றனவா என்று ஒரு பார்வை பாருங்கள். நீலக் கார் என்று பதிவு சொல்ல, சாம்பல் நிறக் கார் நின்றால், வேறொரு வண்டியின் எண் தகட்டை மாட்டியிருக்கவும் கூடும்.

முதலில் மைல் கணக்கு. ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒரு தாளில் கழித்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் எண் எகிறி, அடுத்த ஆண்டு பழைய வரிசைக்கே திரும்பியிருந்தால் பெரும்பாலும் சோதனையாளர் தவறாகத் தட்டியதாக இருக்கும். எண் இறங்கி, இறங்கிய இடத்திலிருந்தே மறுபடி ஏறத் தொடங்கியிருந்தால், மைல்மானியில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றே முதலில் நினையுங்கள். விற்பவர் அதை மறுக்க நினைத்தால் தாளில் ஆதாரம் காட்டட்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் மைல் ஓடிய கார் திடீரென ஓராண்டில் சில நூறு மைல் மட்டும் ஓடியதாக இருந்தால் அதற்கும் காரணம் கேளுங்கள். நிறுத்தியே வைத்திருந்தால் பிரேக், டயர், பேட்டரி எல்லாம் கெட்டிருக்கலாம்.

பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று இங்கே இருக்கிறது. புதிய காருக்கு முதல் எம்.ஓ.டி. மூன்று ஆண்டு முடியும்போதுதான் வரும் (வட அயர்லாந்தில் நான்கு). அந்த மூன்று ஆண்டுகளில் வாடகைக்கும் நிறுவன வேலைக்கும் நீண்ட தூரம் ஓடிய காரின் கணக்கை முதல் சோதனைக்கு முன்பே குறைத்துவிட்டால், அதன் பிறகு வரும் பதிவுகளெல்லாம் சுத்தமாகத்தான் ஏறும். உங்கள் காருக்கு 2017 வரை எம்.ஓ.டி. வாய் திறக்காது. அந்தக் காலத்துக்குச் சர்வீஸ் பில்களில் குறித்த மைல்களே சாட்சி.

அடுத்தது அட்வைசரி. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். 2018 மே 20 முதல் குறைகளை ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் ஃபெயில். சிறியது இருந்தால் தேறும், ஆனால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். அட்வைசரி இவை எதிலும் சேராது. இன்று குறையில்லை, நாளை ஆகலாம் என்று சோதனையாளர் எழுதிவைக்கும் குறிப்பு அது. காசு செலவழிக்க உரிமையாளரை யாரும் கட்டாயப்படுத்தாத இடமும் அதுதான். அதனால்தான் அவருடைய குணம் அங்கே வெளிப்படுகிறது. ‘முன்பக்க பிரேக் டிஸ்க் தேய்ந்துள்ளது’ என்ற வரி ஓராண்டு வந்து அடுத்த ஆண்டு காணாமல் போனால், சொன்னதைக் கேட்டு மாற்றிய மனிதர். அதே வரி மூன்று ஆண்டு தொடர்ந்து, நான்காம் ஆண்டு ஃபெயிலில் முடிந்தால், சட்டம் கழுத்தைப் பிடித்தால் மட்டுமே செலவு செய்கிறவர். அப்படிப்பட்டவர் எஞ்சின் ஆயிலை உரிய நேரத்தில் மாற்றியிருப்பாரா? அந்தக் கேள்விக்கான பதில் எம்.ஓ.டி.யில் கிடையாது என்றாலும் ஊகிக்க முடியும்.

குறிப்புகளிலும் கனம் வேறுபடும். டயர் சட்ட எல்லையான 1.6 மில்லிமீட்டரை நெருங்குகிறது என்பது சாதாரணச் செலவு. ஆனால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது என்று திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு டயரில் இல்லை. சக்கரங்களின் சீரமைப்பிலோ சஸ்பென்ஷன் புஷ்ஷிலோ (இணைப்புகளில் உள்ள ரப்பர் பாகம்) இருக்கிறது. எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது துருவுக்கு. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு காரின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். பிரேக் குழாய், கதவுக்குக் கீழுள்ள ‘சில்’ என்ற தகட்டுப் பகுதி, பின்பக்க சப்ஃபிரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) ஆகியவற்றில் துரு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது தானாகக் குறையப்போவதில்லை. சஸ்பென்ஷனோ சீட் பெல்ட்டோ பொருத்தப்பட்ட இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு மிகவும் பலமிழந்தால் கார் தேறாது; வெல்டிங் செலவு உங்கள் தலையில் விழும். வருடாவருடம் துருவைக் குறிக்கும் வார்த்தைகள் கூர்மையாகிக்கொண்டே போகின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்றும் அடிக்கடி தென்படும்: ‘அடியில் மறைப்புத் தகடு இருப்பதால் சில பாகங்களைப் பார்க்க முடியவில்லை’. சோதனையாளர் எதையும் கழற்றிப் பார்க்கக் கூடாது என்பது விதி. இது காரின் குறையில்லை. ஆனால் அந்தத் தகட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று எவரும் சான்று தரவில்லை என்பதே அதன் பொருள்.

ஃபெயில் என்ற சிவப்பு எழுத்தைக் கண்டு ஓடிவிடாதீர்கள். பல்பு, வைப்பர், எண் தகட்டு விளக்கு போன்றவற்றால் தோற்று அன்றே தேறிய கார் ஏராளம். ஆனால் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்த டயரோடு சோதனைக்கு வந்து ‘ஆபத்தானது’ என்று எழுதப்பட்டிருந்தால், அப்படியே ஓட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார் ஒருவர் என்று பொருள்.

இடைவெளிகளும் கண்ணில் படும். ஓராண்டு பதிவே இல்லையென்றால் சாலைக்கு வராமல் நிறுத்தியிருந்தார்களா, விபத்துக்குப் பின் கிடந்ததா என்று கேளுங்கள். 2020 மட்டும் விதிவிலக்கு: அந்த ஆண்டு மார்ச் 30 முதல் ஜூலை 31 வரை கெடு முடிந்த கார்களுக்குக் கொரோனாவை முன்னிட்டு ஆறு மாத நீட்டிப்பு கொடுத்தார்கள்.

இனி அந்தப் ‘போன வாரச்’ சோதனை. விற்பனைக்காகவே எடுத்த எம்.ஓ.டி. அது, அதில் தவறில்லை. முந்தைய ஆண்டின் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சென்ற ஆண்டு ஆறு குறிப்புகள், இந்த ஆண்டு ஒன்றுமில்லை என்றால் இரண்டில் ஒன்று: வேலை செய்திருக்கிறார்கள், அல்லது சோதனையாளரின் கண் மென்மையாக இருந்திருக்கிறது. வேலை செய்திருந்தால் பில் இருக்கும். சோதனை எந்த நிலையத்தில் நடந்தது என்பதையும் இணையதளத்தில் பார்க்கலாம். அதற்கு வி5சி எனப்படும் காரின் பதிவு ஆவணத்தில் உள்ள 11 இலக்க எண் வேண்டும், அதை விற்பவரிடம்தான் கேட்க வேண்டும். மனத்தில் சந்தேகம் இருந்தால் மறுபடி ஒரு சோதனைக்கு அனுமதி கேளுங்கள். காருக்கான அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. பொதுமக்களுக்கும் திறந்திருக்கும் உள்ளாட்சி மன்றச் சோதனை நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். பழுது பார்க்கும் வேலையை அவர்கள் செய்வதில்லை என்பதால் குறை கண்டுபிடித்து அவர்களுக்கு லாபமுமில்லை, மறைத்தும் லாபமில்லை.

கடன் பாக்கி, திருட்டு, காப்பீட்டு நிறுவனம் கழித்துவிட்ட விபத்து வண்டியா என்பவை எம்.ஓ.டி. வரலாற்றில் வராது. அவற்றுக்குத் தனியாகக் கட்டணம் கட்டித் தேட வேண்டும். அந்த அறிக்கையில் ‘எஸ்’ பிரிவு என்று வந்தால் கட்டமைப்பில் சேதம், ‘என்’ என்றால் கட்டமைப்பு சாராத சேதம். வி5சி உரிமைச் சான்று ஆகாது, அந்தத் தாளிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள்.

கார் பார்க்கப் போகும்போது பதிவுகளை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். ஒவ்வொரு அட்வைசரியையும் படித்து, ‘இதை எப்போது மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். தேதியும் பில்லும் சொல்லும் ஆளோடு விலை பேசலாம். ‘எம்.ஓ.டி.தான் பாஸ் ஆகிவிட்டதே’ என்று மட்டும் பதில் வந்தால், மாற்றாமல் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைக் கூட்டி விலையிலிருந்து கழியுங்கள். அந்தப் பட்டியலில் துரு இருந்தால் பேரம் பேசாமலே வேறு கார் பாருங்கள்.