பழைய சாக்கெட் பெட்டிகளும் ஸ்பேனர்களும்: கேள்வி-பதில்

கேள்வி: "முழு செட், ஓர் உருப்படிகூடக் குறையவில்லை" என்ற விளம்பரத்தைக் கண்டேன். தகரப் பெட்டியோடு கூடிய பழைய சாக்கெட் செட், அதாவது கைப்பிடியில் மாட்டி நட்டின்மேல் செருகித் திருகும் குழல்கள். படத்தில் எல்லாக் குழிகளும் நிரம்பியிருக்கின்றன. முன்பணம் அனுப்பலாமா?

பதில்: அனுப்ப வேண்டாம். குழிகள் நிரம்பியிருப்பதால் பெட்டி முழுமையாகிவிடாது. நானும் ஒருமுறை நிரம்பிய குழிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, 14 சாக்கெட்டுகள் கொண்ட ஒரு பெட்டியை வாங்கினேன். கைப்பிடியில் செருகிப் பார்த்தபோது ஒன்பதுதான் ஏறின. மற்ற ஐந்தின் பின்பக்கச் சதுரத் துளை 1/2 அங்குலம் அன்று, 7/16 அங்குலம். இன்று பொதுவாகப் புழங்குபவை 1/4, 3/8, 1/2, 3/4, 1 அங்குலச் சதுரங்களே. ஆனால் 1920களிலும் 30களிலும் 9/32, 7/16, 5/8 அங்குலச் சதுரங்களிலும் சாக்கெட்டுகள் செய்யப்பட்டன. அவற்றுக்கேற்ற கைப்பிடி தனியே கிடைப்பது அரிது. அந்த ஐந்தும் இன்றுவரை என்னிடம் பயனின்றிக் கிடக்கின்றன.

ஒவ்வொரு சாக்கெட்டின் எழுத்துப் பக்கத்தையும், பின்பக்கச் சதுரத் துளையையும், உள்முனைகளையும் தனித்தனியே படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். சதுரத்தை வெர்னியர் அளவுகருவியால் அளந்து சொல்லும்படியும் கேளுங்கள். பிராண்டின் பெயர் ஒன்றாக இருப்பதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. அமெரிக்கக் கடை நிறுவனமான சியர்ஸ் 1927 முதல் பயன்படுத்திய கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் பல தொழிற்சாலைகள் கருவி செய்து கொடுத்தன. எது எந்தத் தொழிற்சாலையின் வேலை என்பதை அளவுக்கு அருகில் பொறித்த சிறு குறியெழுத்துதான் சொல்லும். பெயர் ஒன்றாகவும் குறியெழுத்துகள் பலவாகவும் இருந்தால், அது பல பெட்டிகளிலிருந்து சேர்த்த செட்டாக இருக்கக்கூடும். விற்பவர் இவற்றைக் காட்ட மறுத்தால் அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: பிரிட்டனில் செய்த பழைய ஸ்பேனர் ஒன்று வாங்கினேன். 1/4 என்று பொறித்திருக்கிறது. வாய் அரை அங்குலத்துக்கும் மேல் அகலமாக இருக்கிறது. போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை, உங்களிடம் இருப்பது நல்ல சரக்காகவே இருக்கலாம். ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த மரை முறையைச் சார்ந்த ஸ்பேனர்களில், பொறித்திருக்கும் எண் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. அந்த ஸ்பேனர் திருகும் போல்ட்டின் தண்டு விட்டத்தையே குறிக்கிறது. 1/4 விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது ஏறத்தாழ 13.3 மில்லிமீட்டர். அதனால் 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அந்த நட்டில் ஏறாது. 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறும், ஆனால் நட்டின் முனைகளை வழித்துவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எஃகைச் சேமிக்க போல்ட் தலைகளை ஓர் அளவு சிறிதாக்கியதால், ஒரே வாயில் இரண்டு எண்கள் பொறித்த ஸ்பேனர்களையும் காண்பீர்கள். 1/4 டபிள்யூ (விட்வொர்த்), 5/16 பி.எஸ். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட்) இரண்டும் ஒரே வாய்தான். வாயின் அகலத்தையே எண்ணாகப் பொறித்தவற்றில் ஏ.எஃப். என்றிருக்கும். பழைய பிரிட்டிஷ் வண்டியோ எந்திரமோ வைத்திருக்கும் ஒருவருக்கு உங்கள் ஸ்பேனர் மிகவும் தேவைப்படும்.

கேள்வி: இறுகிப்போன ராட்செட்டின் (ஒரு திசையில் மட்டும் திருகும் சாக்கெட் கைப்பிடியின்) தலையைக் காஸ் விளக்கால் சூடேற்றிக் கழற்றலாமா?

பதில்: கூடாது. பதமேற்றிய எஃகு அது. நீல நிறம் ஓடும் அளவுக்குச் சூடேறினால், சுமார் 300 பாகை செல்சியஸிலேயே உள்ளிருக்கும் சக்கரத்தின் பல்லும், அதில் விழுந்து தடுக்கும் நாக்கும் பதம் இறங்கிவிடும். ஊடுருவும் எண்ணெயிலோ மண்ணெண்ணெயிலோ இரண்டு நாள் ஊறவிடுங்கள்.

கேள்வி: "முழுமையாகப் புதுப்பித்தது" என்று சொல்லி விற்ற பழைய ரிங் ஸ்பேனர் செட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கினேன். கண்ணாடிபோல் பளபளத்தது. மூன்றே மாதத்தில் குரோம் செதில் செதிலாக உரிந்து என் உள்ளங்கையைக் கிழித்தது. எழுத்துகளும் பாதிதான் தெரிகின்றன. விற்பவர், "பழைய பொருள் அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.

பதில்: நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் கையைக் கிழித்த குரோம் பழையது அன்று, அவர் புதிதாகப் பூசியது. எனவே அந்தப் பதிலுக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. விளம்பரத்தின் படத்தையும், உரிந்த இடத்தின் படத்தையும், உங்கள் கைக்காயத்தின் படத்தையும் இணைத்து, "புதுப்பித்தது என்று நீங்கள் சொன்ன வேலைதான் கெட்டுப்போயிருக்கிறது" என்று எழுத்தில் கேட்டு, பணத்தை முழுதாகத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வாயால் பேசி முடித்துக்கொள்ள வேண்டாம். இனி அந்த ஸ்பேனர்களைக் கையுறையில்லாமல் தொடவும் வேண்டாம்.

இந்தப் பளபளப்பைப் பற்றி எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. மீண்டும் முலாம் பூச வேண்டுமானால் முதலில் பழைய முலாமை அமிலத்தில் கரைக்க வேண்டும். பிறகு துருக்குழிகள் மறையும்வரை சக்கரத்தில் தேய்க்க வேண்டும். அந்தத் தேய்ப்பில் முதலில் போவது எழுத்துதான். செய்தவர் பெயர், காப்புரிமை எண், தொழிற்சாலைக் குறி, சில நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒன்றாக மாற்றிவந்த சிறு அடையாளம் ஆகிய யாவும் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அடங்கியவை. அவை போய்விட்டால், எண்பது ஆண்டுகளாகப் பலர் கைமாறி வந்த ஒரு ஸ்பேனர் யாருடையது, எப்போது செய்தது என்று சொல்ல வேறு எந்தச் சான்றும் இல்லை. அடுத்துப் போவது அளவு. வாயின் உட்பக்கத்தையும் சேர்த்துத் தேய்த்தால் நட்டில் ஆட்டம் கொடுக்கும். மூன்றாவது கேடு கண்ணுக்குத் தெரியாது. அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் கிடக்கும்போது கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். அதை வெளியேற்ற, முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 பாகை செல்சியஸில் பல மணி நேரம் சூட்டில் வைக்க வேண்டும். மலிவாக வேலை செய்பவர்கள் இதைச் செய்வதில்லை. உரிந்து விழும் குரோம், கீழே நிக்கல் சரியாகப் பிடிக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆகவே ஒழுங்காகச் சுத்தம் செய்யாமல் பூசியிருக்கிறார்கள் என்பது உறுதி. அப்படிப்பட்ட இடத்தில் மற்றப் படிகள் மட்டும் முறையாக நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அந்த ஸ்பேனரை இழுத்துத் திருகும்போது அது உடைந்தால், உங்கள் விரல்முட்டி எதிரிலுள்ள இரும்பில் போய் மோதும்.

துருவை நீக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து, எழுத்தைப் படிக்கும்படி விட்டு வைப்பதுதான் புதுப்பித்தல். கருத்த நிறமும், சில குழிகளும், கைப்பிடியின் தேய்வும் அந்தக் கருவியின் வரலாறு. அதைத் தேய்த்தழித்துவிட்டு அதற்கே கூடுதல் விலை கேட்பவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்குபவர்கள் இருக்கும்வரை அவர்கள் நல்ல ஸ்பேனர்களை அழித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

கேள்வி: ஸ்பேனர்களை வினிகரில் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் எல்லாம் கறுத்து, குழி விழுந்திருக்கின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: சரிசெய்ய முடியாது. அரித்துப்போன எஃகு திரும்பி வராது. வினிகர் ஓர் இரவுக்கானது என்று இந்தப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன். மிச்சமிருப்பதையாவது சலவைச் சோடாக் கரைசலில் கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் தடவுங்கள்.

கேள்வி: 1940களின் ராட்செட் என்று சொல்லி விற்றார்கள். தலையின் பின்புறம் ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் சாக்கெட் விழுந்துவிடுகிறது. 3-இல் தொடங்கும் ஏழு இலக்க அமெரிக்கக் காப்புரிமை எண்ணும் இருக்கிறது. காலத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்களா?

பதில்: இல்லை. அமெரிக்கக் காப்புரிமைகளின் வரிசை 1911-இல் பத்து லட்சத்தையும், 1935-இல் இருபது லட்சத்தையும், 1961-இல் முப்பது லட்சத்தையும் தொட்டது. ஆகவே 3-இல் தொடங்கும் ஏழு இலக்க எண் 1961-க்கு முந்திய கருவியில் இருக்க வழியில்லை. காப்புரிமை எண் கருவி செய்த ஆண்டைச் சொல்லாது, அதற்கு முன் செய்திருக்க முடியாத ஆண்டைத்தான் சொல்லும். அதைவிடப் பல ஆண்டுகள் பிந்தியும் செய்திருக்கலாம்.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. சியர்ஸ் கடையில் எழுத்தராக இருந்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் கண்டுபிடித்த விரைவு விடுவிப்பு அது. காப்புரிமை 1965-இல் கிடைத்தது. அது பெரிதாக விற்காது என்று சொல்லி, ஒரு கருவிக்கு 2 சென்ட் வீதம், அதுவும் மொத்தம் 10,000 டாலருக்கு மேல் போகாமல், உரிமையை நிறுவனம் வாங்கிக்கொண்டது. கருவியோ லட்சக்கணக்கில் விற்றது. அவர் நெடுங்காலம் வழக்காடினார். 1989-இல் வழக்கு சமரசமாக முடிந்தது. உங்கள் ராட்செட்டில் 3,208,318 என்ற எண் இருந்தால் அது அவருடைய காப்புரிமைதான். வைத்துக்கொள்ள வேண்டிய கருவி. எனினும் 1940களின் விலையைக் கொடுத்திருந்தால், இந்த எண்ணைக் காட்டி வித்தியாசத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம்.

கேள்வி: போர்க்காலத்தில் செய்த அமெரிக்க சாக்கெட்டுகள் சில கிடைத்தன. குரோம் இல்லை. மங்கிய சாம்பல் நிறம், அங்கங்கே வெள்ளைத் தூள். டிரில்லில் கம்பித் தூரிகையைப் பொருத்தித் தேய்த்து வருகிறேன். பத்து முடிந்தது.

பதில்: உடனே நிறுத்துங்கள். போர்க்காலத்தில் குரோமியமும் நிக்கலும் படைத் தேவைக்குப் போனதால் கருவிகளைக் கறுப்பாகவோ, முலாமின்றியோ, காட்மியம் பூசியோ விட்டார்கள். நீங்கள் சொல்லும் நிறமும் வெள்ளைத் தூளும் காட்மியமாக இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு செய்யும், புற்றுநோயும் வரவழைக்கும். தேய்த்த இடத்தில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கையுறையும் தகுந்த முகக்கவசமும் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டித் தனியே வைத்து, நச்சுக் கழிவாக ஒப்படையுங்கள். அன்று அணிந்த உடையைத் தனியே துவையுங்கள். மூச்சுத்திணறலோ காய்ச்சலோ வந்தால் காட்மியம் என்று சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மீதமுள்ள சாக்கெட்டுகளைத் தேய்க்கவும் வேண்டாம், அமிலத்தில் போடவும் வேண்டாம், சூடேற்றவும் வேண்டாம். எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்து அப்படியே வையுங்கள்.

கேள்வி: பழைய சாக்கெட்டைக் காற்றழுத்தத் துப்பாக்கியில் மாட்டினேன், பிளந்துவிட்டது. விற்றவரிடம் பணம் கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. கைக்கருவியைக் கையால்தான் திருக வேண்டும். கண்ணில் சிதறல் படாமல் போனதே பெரிது.

கேள்வி: மின்முறையில் துரு நீக்கலாம் என்கிறார்கள். குரோம் பூசிய ராட்செட்டுக்கும் அது ஏற்றதா?

பதில்: முலாமில்லாத ஸ்பேனருக்கு மிக நல்ல முறை. ஏற்கெனவே விளிம்பு தூக்கிய குரோமை அது மேலும் உரிக்கும், ஆகவே ராட்செட்டுக்கு வேண்டாம். ஸ்பேனருக்குச் செய்வதானால், பிளாஸ்டிக் தொட்டியில் சலவைச் சோடாக் கரைசல், 12 வோல்ட் நேர்மின்சாரம், கருவி எதிர்முனையில், பழைய சாதா இரும்புத் துண்டு நேர்முனையில். முனைகளை மாற்றினால் ஸ்பேனர்தான் கரையும். நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைக்கவே கூடாது, நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் எழும் என்பதால் காற்றோட்டமான இடத்தில், தீப்பொறி இல்லாமல் செய்யுங்கள்.

ராட்செட்டைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் விடுவதே போதும். கெட்டியான கிரீஸ் நாக்கைப் பல்லில் விழவிடாமல் தடுக்கும். தலை நிறையக் கிரீஸ் திணித்த ராட்செட் ஒன்றை, நன்றாகப் பராமரித்தது என்று எண்ணி நான் வாங்கியிருக்கிறேன். கழுவிப் பார்த்தபோது 36 பற்களில் ஏழு மழுங்கியிருந்தன. அந்தச் சக்கரத்துக்கு மாற்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. கையில் வாங்கிய உடனே, தண்டை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று மெல்லத் திருப்பி, ஒவ்வொரு சொடக்கும் விட்டுப்போகாமல் கேட்கிறதா என்று கவனியுங்கள். திசையை மாற்றி மறுபடியும் அதையே செய்யுங்கள்.

கேள்வி: எழுபது ஆண்டு பழைய சாக்கெட்டில் விரிசல். பெட்டியில் "வாழ்நாள் உத்தரவாதம்" என்றிருக்கிறது. கேட்டால் தருவார்களா?

பதில்: சில நிறுவனங்கள் தரலாம், சில முதலில் வாங்கியவருக்கு மட்டும் தரும். நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கேளுங்கள். ஆனால் கிடைப்பது இன்றைய சாக்கெட்டாகத்தான் இருக்கும், பழையதை அவர்கள் திருப்பித் தராமலும் போகலாம். தொகுப்புக்காக வைத்திருப்பவர் விரிசலோடே வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: என் பெட்டியில் 9/16 சாக்கெட் மட்டும் இல்லை. அதே பிராண்டில் புதியது ஒன்றை வைத்து நிரப்பலாமா?

பதில்: வேலைக்கு வேண்டுமானால் தாராளமாக வையுங்கள். ஆனால் "இது பின்னாளில் சேர்த்தது" என்று எழுதிய ஒரு சீட்டைக் குழியின் அடியில் ஒட்டிவிடுங்கள். பெட்டியை என்றாவது விற்க நேர்ந்தால், அந்தச் சீட்டையும் படத்தில் காட்டுங்கள்.