ஹூக்காவும் தலைச்சுற்றலும்

கேள்வி: துபாயில் பணிபுரிகிறேன். சென்ற வாரம் நண்பர்களுடன் ஷீஷா கடையொன்றில் ஆப்பிள் மணமுள்ள ஹூக்காவை ஏறத்தாழ ஒரு மணி நேரம் புகைத்தேன். எழுந்து நின்றதும் தலை சுற்றியது, நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறித்தது, வாந்தியும் வந்தது. நீரில் வடிகட்டிய புகை இப்படிச் செய்யுமா?

பதில்: செய்யும். நீர் புகையைக் குளிர்விக்கிறதே தவிர நஞ்சை அகற்றுவதில்லை. குளிர்ந்த புகை தொண்டையைக் கரிக்காததால் இன்னும் ஆழமாக இழுக்கத் தோன்றுவதுதான் இதிலுள்ள வஞ்சகம். ஹூக்காவின் உச்சியிலுள்ள புகையிலைக் கிண்ணத்தின் மேல் கனலும் கரித்துண்டிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்வதால், மூளைக்கும் இதயத்துக்கும் சேரவேண்டிய ஆக்சிஜன் குறைந்து, தலைவலியும் தலைச்சுற்றலும் சிலருக்கு மயக்கமும் உண்டாகின்றன. குமட்டலில் நிக்கோடினுக்கும் பங்குண்டு. புகையிலை கலவாத ‘மூலிகை’ ஹூக்கா என்றாலும் கரி கரிதான்.

இத்தகைய அறிகுறி தோன்றினால் உடனே திறந்த வெளிக்கு வந்துவிட வேண்டும். நெஞ்சுவலியோ, குழப்பமோ, மயக்கமோ இருந்தால் மருத்துவமனைக்குச் சென்று, ஹூக்கா புகைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 என்று காட்டினாலும் நம்பிவிடக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் அக்கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே கணக்கிடும் என்பதால், இரத்தப் பரிசோதனையில்தான் உண்மை தெரியும். சாதாரணக் காற்றில் அந்த வாயுவின் அளவு பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரமாகும். முகமூடி வழியே ஆக்சிஜன் செலுத்தினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திற்குள் பாதியாகிவிடும்.